சென்னையிலிருந்து மதுரைக்கு: ஃபிளைட்டா, வந்தே பாரத்தா, பாண்டியனா?

விமானம் மதுரையில் தரை தொட்டபோது மணி 8.12. கே.புதூர் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றியபோது 9.20. அன்று விடிகாலை அண்ணா நகரில் கதவைப் பூட்டியது 4.50க்கு. ஆக மொத்தம் நாலரை மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது 54 நிமிடம்.

இப்படி நேரம் குறித்து வைப்பது ஒரு வருடமாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு மாதம் ஒரு தடவையாவது மதுரைக்குப் போகிறேன், சில மாதம் இரண்டு தடவை. விமானம், பகல் ரயில், இரவு ரயில், பஸ், கார் என்று ஐந்திலும் போயாகிவிட்டது. கையில் ஒரு பாக்கெட் டைரி. வீட்டைப் பூட்டிய நேரம், வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், அம்மா கதவைத் திறந்த நேரம். கடைசி நேரம்தான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். பெருங்களத்தூரில் இருக்கிறான். மாமனார் வீடு மதுரையில். “அண்ணே, ஃபிளைட்ல ஒரு மணி நேரம்தானே, ரயில்ல எதுக்கு நாள் பூரா உக்காரணும்?” என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தூரக் கணக்கு

ஒரு மணி நேரம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு ஊரின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் கணிப்பான்கள் நெட்டில் நிறைய இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 418 கி.மீ. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஆணி அடித்து நடுவே நூலை இழுத்துக் கட்டினால் வரும் தூரம் இது. பெரும்பாலான கணிப்பான்கள் இதை மணிக்கு 800 கி.மீ. சொச்சம் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓர் அரை மணி நேரத்தைக் கூட்டிவிடும். விடை ஒரு மணி நேரம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஒன்றேகால் மணியோ அதற்கும் சற்றுக் கூடவோ இருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பது தொடங்கி அங்கே போய் நிற்பது வரை அதில் அடங்கும். சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நாலைந்து விமானம் நின்றால் காத்திருக்க வேண்டும். கடற்காற்று அடிக்கும் நேரமாக இருந்தால் கிழக்கே கடலைப் பார்த்து ஏறி, அப்புறம் வளைந்து தென்மேற்கே திரும்ப வேண்டும். மதுரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பயணமே தொடங்குகிறது.

இந்தத் தடத்தில் காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானங்களும் வரும். ஜெட் மணிக்கு 800 கி.மீ. போகும் இடத்தில் அது 500 வாக்கில்தான் போகும். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. 418 கி.மீ. தூரத்துக்கு ஜெட் முழு உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும், அதனால் வித்தியாசம் கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். ஏ.டி.ஆரில் பின்பக்கமாக ஏற வேண்டும், படி நாலைந்துதான். கொஞ்சம் தாழப் பறப்பதால் மேகமில்லாத காலையில் கீழே இருப்பதெல்லாம் தெரியும். வலப்புறமோ இடப்புறமோ, காவிரியும் கொள்ளிடமும் நடுவே ஸ்ரீரங்கத்தை வைத்துக்கொண்டு பிரிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கம் கண்ணில் பட்டது தற்செயல் இல்லை. சென்னைக்கும் மதுரைக்கும் நேர்க்கோடு போட்டால் அது கிட்டத்தட்ட திருச்சியின் தலைமேலேயே போகிறது. சாலையும் ரயிலும் அதே திருச்சி வழிதான். விமானம் கண்டுபிடித்த குறுக்கு வழி எதுவும் இங்கே இல்லை. வானில் 418, சாலையில் 460 வாக்கில், ரயிலில் 490 வாக்கில். கொச்சிக்குப் போகிறவர் கதை வேறு. நேர்க்கோட்டில் 520 கி.மீ.க்குள்தான், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சுற்றி ரயில் 700 கி.மீ.யை நெருங்கிவிடும், ராத்திரி முழுக்க ஓடும். அங்கே விமானம் சம்பாதித்துக் கொடுக்கும் நேரம் பெரிது. மதுரைக்காரருக்கு நிலமே நேர்வழி போட்டுக் கொடுத்திருக்கிறது.

(ஒரு சின்ன வேடிக்கை. அதே நூலை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு இழுத்துப் பாருங்கள். 360 கி.மீ.கூட வராது. சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்ட.)

வாசலிலிருந்து வாசலுக்கு

முதலில் சொன்ன அந்த நாலரை மணி நேரத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். விமானம் 7.05க்கு. செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், கேட்டை 25 நிமிடத்துக்கு முன்பு. பெட்டியை உள்ளே போட வேண்டியிருந்தால் ஆறு மணிக்கு முன்னால் அங்கே நின்றாக வேண்டும். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், ஆலந்தூரில் மாற வேண்டும். அந்த நேரத்துக்கு அதை நம்ப முடியாது என்று கேப் போட்டேன். விடிகாலை ஆகையால் 40 நிமிடத்தில் போய்விட்டது. இதே பயணம் மாலை ஆறு மணிக்கு என்றால் கத்திப்பாரா மனது வைக்க வேண்டும்.

5.30க்கு வாசல். பெட்டி போட்டு, சோதனை முடிந்து, பெல்ட்டை மறுபடி கட்டிக்கொண்டு, விலை பார்க்காமல் ஒரு காபி வாங்கி (பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்) உட்கார்ந்தபோது 6.10. அப்புறம் பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குக் கூட்டிப் போனார்கள். 7.18க்கு ஏறியது, 8.12க்கு இறங்கியது.

மதுரை விமான நிலையத்தின் சுகமே அது சின்னது என்பதுதான். பெட்டி வந்து வெளியே நிற்க 8.40. ஆனால் நிலையம் இருப்பது ஊருக்குத் தெற்கே, அவனியாபுரம் தாண்டி. எங்கள் வீடு வடக்கே. மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர், பாண்டி கோயில், மாட்டுத்தாவணி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். டாக்சிக்காரரிடம் பேரம் பேசிய நேரத்தையும் சேர்த்து 40 நிமிடம்.

418 கி.மீ.யை நாலரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 93 கி.மீ. நாற்கரச் சாலையில் ஒரு மாருதி போகும் வேகம்.

சரி, ரயிலுக்கு வருவோம். நாகர்கோவில் வந்தே பாரத் எழும்பூரிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்புகிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று விட்ட வண்டி. அதற்கும் மெட்ரோ உதவாது, ஆட்டோதான். 4.10க்கு வீட்டைப் பூட்டினேன். மதுரை ஜங்ஷனில் 10.40 வாக்கில் இறங்கினேன். ஜங்ஷன் ஊர் நடுவில் இருப்பதால் 11.05க்கெல்லாம் வீடு. மொத்தம் 6 மணி 55 நிமிடம். விமானத்தைவிட இரண்டேகால் மணி நேரமும் கொஞ்சமும் கூடுதல்.

காகிதத்தில் ஒரு மணி நேரத்துக்கும் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் மலையும் மடுவும். வாசலுக்கு வாசல் கணக்குப் போட்டால் அது இரண்டரை மணி நேரமாகச் சுருங்குகிறது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நீங்கள் என்ன விலை கொடுப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

தம்பிக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பெருங்களத்தூர்க்காரன், விமான நிலையம் பக்கம், அதனால் விமானம்தான் அவனுக்கு லாபம் என்று நானும் நினைத்தேன். போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. வந்தே பாரத் தாம்பரத்திலும் நிற்கிறது. விமானத்துக்கு அவன் வீட்டை விட்டு 5.25க்குக் கிளம்பலாம், ரயிலுக்கு 5 மணிக்கு. என்னைவிட இரண்டிலும் அவனுக்கு மிச்சம், ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதே இரண்டு மணி நேரச் சொச்சம். வீடு எங்கே என்பது இந்த இரண்டுக்கு நடுவே பெரிய மாற்றம் செய்யவில்லை. பஸ்ஸுக்கு வரும்போதுதான் செய்கிறது.

பகல் ரயில்கள்

எல்லாரும் வந்தே பாரத்தையே சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். பிற்பகல் மூன்றுக்குள் எழும்பூரில் கிளம்பும் திருநெல்வேலி வந்தே பாரத்தும் இருக்கிறது, அது 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிறது. ராத்திரி ஒன்பதுக்குள் மதுரை. இரண்டுமே வாரத்தில் ஒரு நாள் ஓடாது, எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேஜஸ் காலை 6 மணிக்கு. 2019 மார்ச் 1 அன்று தொடங்கியது. மதுரைக்கு 12.15 வாக்கில். வந்தே பாரத் வருவதற்கு முன் இதுதான் எங்களுக்கு ராஜா. 6 மணி வண்டி என்பதால் அண்ணா நகரிலிருந்து முதல் மெட்ரோவிலேயே எழும்பூர் போய்விடலாம், ஆட்டோ செலவு மிச்சம். வந்தே பாரத் டிக்கெட் கிடைக்காத நாளில் எனக்கு இதுதான் முதல் தேர்வு. சீட்டும் எனக்கு இதில்தான் சௌகரியம். வந்தே பாரத் சேர் காரில் சாய்வு போதாது, ஐந்தாவது மணி நேரத்தில் முதுகு கேள்வி கேட்கும்.

வைகையைச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓட ஆரம்பித்த வண்டி. இப்போதும் ஆகஸ்ட் 15 வந்தால் ரயில் ஆர்வலர்கள் மதுரை நிலையத்தில் அதற்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். மீட்டர்கேஜ் காலத்திலேயே ஏழு மணி நேரச் சொச்சத்தில் சென்னைக்கு வந்துவிட்ட வண்டி அது. யோசித்துப் பாருங்கள், அகலப்பாதை வந்தது, மின்மயம் வந்தது, இரட்டைப் பாதை வந்தது, எல்லாம் வந்து அரை நூற்றாண்டில் நமக்கு மிச்சமானது ஒன்றரை மணி நேரம்.

ஒரு எச்சரிக்கை. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து கிளப்புகிறார்கள். பழக்கதோஷத்தில் எழும்பூரில் போய் நிற்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ராத்திரியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா

பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்துக்குள் எழும்பூரில் கிளம்பி விடிகாலை ஆறுக்குள் மதுரையில் விட்டுவிடும். என் டைரிப்படி 8.45க்கு வீட்டைப் பூட்டி, மறுநாள் 6.10க்கு அம்மா கதவைத் திறந்தாள். 9 மணி 25 நிமிடம். ஐந்தில் ரொம்ப மெதுவானவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தாலும் தூங்கியிருப்பேன். தூங்கிய ஏழு மணி நேரத்தைக் கழித்தால் விழித்திருந்து செலவழித்தது இரண்டரை மணி நேரம்தான். விமானத்துக்கு நாலு மணிக்கு அலாரம் வைத்து, அலாரம் அடிக்குமோ அடிக்காதோ என்று ராத்திரி மூன்று தடவை எழுந்து பார்த்துக் கெடுத்த தூக்கத்தையும் சேர்த்தால், எது வேகம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

ரயிலில் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். என் மனைவி அப்படி. திருச்சியில் டீக்காரர் போடும் சத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை கண் திறந்தே வருவாள். அவளுக்கு 9 மணி 25 நிமிடம் என்றால் அவ்வளவும்தான். ஆகவே பாண்டியன் வேகமா மெதுவா என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.

வக்கீல் நண்பர் ஒருவர் இதை இன்னும் துல்லியமாகச் சொன்னார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் வந்ததிலிருந்து சென்னை வக்கீல்கள் பலருக்கு இந்தத் தடம் பழகிப்போனது. கோர்ட் 10.30க்கு. வந்தே பாரத் வந்து சேர்வதே 10.40. ஆகவே அவருக்கு இருப்பது இரண்டே வழி: முதல் ஃபிளைட், அல்லது முந்தின ராத்திரி ரயில். ரயிலில் வந்தால் ஜங்ஷனுக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் குளித்து, இட்லி சாப்பிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு நிதானமாகப் போகலாம். ஃபிளைட்டில் வந்தால் அரை மணி நேரம் தாமதமானாலும் வயிறு கலங்கும். பத்து வருடமாக அவர் பாண்டியன்தான்.

பஸ்ஸும் காரும், சுருக்கமாக

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து அண்ணா நகர்க்காரனுக்கு மதுரை பஸ் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. முன்பு மதுரை பஸ் கிளம்பிய கோயம்பேடு எங்களுக்கு நடக்கிற தூரம். இப்போது சாயங்கால நெரிசலில் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே தனிப் பயணம். தம்பிக்கோ அது பக்கத்துத் தெரு மாதிரி. படுக்கை பஸ்ஸில் எட்டு, எட்டரை மணி நேரத்தில் மாட்டுத்தாவணி. அங்கிருந்து எங்கள் புதூர் கூப்பிடு தூரம். ரயில் டிக்கெட் கிடைக்காத வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு பஸ்தான் கடைசிப் புகலிடம். மற்றபடி பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

கார், ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 460 கி.மீ.க்கு என் வண்டி 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். பரனூரில் தொடங்கி ஆத்தூர், விக்கிரவாண்டி, சமயபுரம் என்று மேலூர்ப் பக்கம் சிட்டம்பட்டி வரை டோல்கேட் டோல்கேட்டாகக் கழியும். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டிவிடலாம், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து எட்டு மணி நேரம். ஓட்டுகிறவனுக்கு மறுநாள் ஒரு நாள் ஓய்வு வேண்டும், அதையும் யாராவது கணக்கில் சேர்க்க வேண்டும். நாலு பேர் போனால் தலைக்குச் செலவு சேர் கார் டிக்கெட்டைவிடக் கம்மி. ஒருத்தராகப் போனால் அபத்தம்.

பணம்

விமான டிக்கெட் மூன்று வாரம் முன்னால் எடுத்தால் எனக்கு மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறுக்குள் கிடைத்திருக்கிறது. அம்மா விழுந்த அன்று மத்தியான விமானத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தேன், யோசிக்கக்கூட இல்லை. டிக்கெட் விலையோடு நிற்பதில்லை. இங்கே கேப் ஐந்நூறு, அங்கே டாக்சி அறுநூறு. விமான நிலையத்துக்குப் போக வர ஆகும் இந்தச் செலவே பாண்டியனில் மூன்றாம் வகுப்பு ஏசி டிக்கெட்டுக்கு மேல். வந்தே பாரத் சேர் கார் ஆயிரத்து முந்நூறு வாக்கில். ஸ்லீப்பர் வகுப்பு முந்நூற்றைம்பது வாக்கில்.

அப்படிப் பார்த்தால் விமானத்தில் போவதற்கு வந்தே பாரத்தைவிட ஏறத்தாழ மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து இரண்டரை மணி நேரம் வாங்குகிறேன். மணிக்கு ஆயிரத்து இருநூறு. சில நாள் அது மலிவு. பெரும்பாலான நாள் இல்லை. ரயிலில் அந்த இரண்டரை மணி நேரம் வீணாவதும் இல்லை. உட்கார்ந்தபடி ஒரு வேலையை முடிக்கலாம். விமானப் பயணத்தின் நாலரை மணி நேரமும் வரிசை வரிசையாக நறுக்கப்பட்டுக் கிடக்கிறது, அதில் எந்தத் துண்டும் எதற்கும் ஆகாது.

சிக்கல் வரும் நாட்கள்

ஒரே ஒரு தடவை சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். பிற்பகல் இரண்டரை மணி விமானம். நான் வீட்டிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். முதலில் 40 நிமிடம் தாமதம் என்று மெசேஜ். அப்புறம் ஒரு மணி நேரம். அப்புறம் வர வேண்டிய விமானமே இன்னும் வரவில்லை என்றார்கள். ஒரு சாண்ட்விச்சையும் ஒரு ஜூஸ் டப்பாவையும் கையில் கொடுத்தார்கள். கடைசியில் 7.40க்குக் கிளம்பி, நான் மதுரையில் வெளியே வந்தபோது ஒன்பது மணி. அன்று 1.45க்கு எழும்பூரில் கிளம்பிய வைகையும் அந்நேரத்துக்குத்தான் மதுரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ரயிலும் தாமதமாகும், ஆனால் ரயில் தாமதமாகும்போது நீங்கள் மதுரையை நோக்கி நகர்ந்துகொண்டாவது இருப்பீர்கள்.

காலை முதல் விமானம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. விமானம் ராத்திரியே வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். நாள் ஏற ஏற ஒவ்வொரு ஊரிலும் பட்ட தாமதம் வட்டியோடு சேர்ந்து வரும். ஆனால் போகிப் பண்டிகை அன்று காலை விமானம் எடுக்காதீர்கள். டயரும் பாயும் எரித்த புகையில் ஓடுபாதை தெரியாமல் மீனம்பாக்கத்தில் விமானங்கள் நிற்பது சென்னைக்குப் பழகிய காட்சி.

ஐப்பசி, கார்த்திகையில் எதை எடுத்தாலும் கொஞ்சம் சூதாட்டம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்குச் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அடுத்த வருடம் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 அன்று விமான நிலையம் மூடிக் கிடந்தது. சரி, ரயில் ஓடுகிறதே என்று இருந்தால், டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறித் தென் மாவட்ட ரயில்களை நிறுத்திவிட்டார்கள். தென்பெண்ணை பெருக்கெடுத்து அரசூரில் நெடுஞ்சாலையும் தண்ணீரில். ஒரே புயல், மூன்று வழியும் அடைப்பு. அந்த வாரம் மதுரைக்குப் போக நினைத்தவர்களுக்கு எந்த ஒப்பீடும் உதவியிருக்காது.

அம்மாவைக் கூட்டி வந்தது

நான் தனியாகப் போவதும் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டி வருவதும் ஒரே தடம், ஆனால் வேறு வேறு கணக்கு.

முதல் தடவை விமானத்தில் கூட்டி வந்தேன். நேரம் குறைவு, வலி குறைவு என்று நினைப்பு. சக்கர நாற்காலி கேட்டால் கொடுக்கிறார்கள், தள்ளிக்கொண்டு போக ஆளும் வருகிறார். அதில் குறையே இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தேன்: காரிலிருந்து நாற்காலி, சோதனைக்கு எழுந்து நிற்பது, மறுபடி நாற்காலி, நாற்காலியிலிருந்து சீட், சீட்டிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கார். இடுப்பில் தகடு வைத்திருப்பதால் சோதனைக் கருவி கத்தும், அதற்கு ஒரு விளக்கம். ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு அத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாள். போதாக்குறைக்கு, பையில் ஒளித்து எடுத்து வந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். இடுப்பு வலியைவிட அதைத்தான் இன்றுவரை சொல்கிறாள்.

வந்தே பாரத்தில் ஏறுவது சுலபம், கழிவறையும் பரவாயில்லை. ஆனால் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும். இடுப்பில் அறுவை செய்தவருக்கு அது ஆகாது.

கடைசியில் பாண்டியன்தான் நிலைத்தது. ஏசி பெட்டி, லோயர் பெர்த். பெண்களுக்கு 45 வயதுக்கு மேலும் ஆண்களுக்கு 60க்கு மேலும் லோயர் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்தவர்கள் திருப்பித் தரவே இல்லை, இந்தப் படுக்கையாவது மிஞ்சியது. ஒரு தடவை ஏற வேண்டும், ஒரு தடவை இறங்க வேண்டும், அவ்வளவுதான். “படுத்தா மதுரை, முழிச்சா எழும்பூர்” என்றாள் அம்மா. நல்லெண்ணெய் டின் பெர்த்துக்குக் கீழே பத்திரமாக வந்தது, கூடவே ஐந்து கிலோ இட்லி அரிசியும். விமானத்தில் உள்ளே போடும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ என்று எடை போட்டுக்கொண்டிருந்தால் மதுரையிலிருந்து ஒருத்தரும் நிம்மதியாகக் கிளம்ப முடியாது.

ஆகவே

யாராவது விழுந்துவிட்டார்கள், உடனே வா என்று போன் வந்தால் அடுத்த விமானம். அதற்கு ஒப்பீடே வேண்டாம். காலையில் போய் வேலையை முடித்து அன்று ராத்திரியே படுக்கைக்குத் திரும்ப வேண்டும் என்றாலும் விமானம்தான். ஒரு நாள் தங்கலாம், செலவையும் பார்க்க வேண்டும் என்றால் காலை வந்தே பாரத் அல்லது தேஜஸ். ரயிலில் தூக்கம் வருகிற ஆள் என்றால் பாண்டியனை விட்டு வேறு எதையும் யோசிக்காதீர்கள். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நேர்க்கோடு 530 கி.மீ. வாக்கில் இருந்தாலும் ரயில் ராத்திரி முழுக்க ஓடும், வாகைக்குளத்தில் இறங்கும் விமானத்துக்கு அங்கே மவுசு கூடுதல்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “குழந்தைக்கு ரெண்டு வயசுண்ணே, ஆறு மணி நேரம் வந்தே பாரத்ல உக்கார வெக்க முடியுமா?” என்றான். அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அவன் விமான டிக்கெட் எடுத்துவிட்டான், காலை முதல் விமானம்.

எனக்கு அடுத்து சித்திரைத் திருவிழாவுக்குப் போக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்க வரும்போது அம்மாவைத் தல்லாகுளத்தில் உறவினர் வீட்டு மாடியில் உட்கார வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. காலை 8 மணிக்குத் திறந்தவுடன் தட்டினேன், ஓ.டி.பி. வந்து சேர்ந்து பணம் கட்டி முடிப்பதற்குள் பாண்டியனில் ஆர்.ஏ.சி. 14. பாதி பெர்த், சக பயணியின் கால் என் முகத்துக்கு நேரே. உறுதியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். விமானம் ஏழாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. பெருங்களத்தூரில் தம்பி வீட்டில் முந்தின நாள் தங்கி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.